அப்பாவின் சரக்குக் கப்பல்

பல பேர் ஒரே கடலில் சேர்ந்து போனில் ஆடும் பாய்மரக் கப்பல் விளையாட்டு அது. அதில் எந்தக் கப்பல் எந்தக் காற்றில் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் உத்தியோகம். இதை அப்பாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர் காலடிப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆயுசெல்லாம் கடை நடத்தியும் அலையில் கால் நனைத்தவரில்லை. “காத்துக்கா ஒனக்குச் சம்பளம் தாரான்?” என்பார்.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அவரே அந்த விளையாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அலுத்துப்போன கைக்கு ஒரு வேலை வேண்டுமாம். எத்தனையோ கப்பல் இருக்க, சரக்குக் கப்பலைத்தான் எடுத்தார்.

“பீரங்கி வச்சிருக்கவனுக்கு வேற சோலி இல்ல. நமக்கு மூட்டை போய்ச் சேரணும், அவ்வளவுதான்.”

வலது கட்டைவிரலால் மட்டும்தான் சுக்கானைத் திருப்புவேன் என்று ஒரே பிடிவாதம். எதிர்க்காற்றில் கப்பல் நேராகப் போகாது. இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்துத்தான் ஓட்ட வேண்டும். அவர் விரல் ஒத்துழைக்காது. கப்பல் துறைமுகச் சுவரில் போய் முட்டும். அவர் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சரக்குக் கப்பல் ஆமையாக நகர்கிறது என்று ஆடுகிறவர்கள் சிலர் முன்பே புலம்பியிருந்தார்கள். எனக்கு அந்தச் சாக்கு போதாதா? எதிர்க்காற்றிலும் அது ஏறக்குறைய நேராகப் போகும்படி மாற்றினேன். லேசாகத் தொட்டாலே சுக்கான் திரும்பும்படியும் செய்தேன். கப்பல்களைச் சமன் செய்ததாக ஆபீசில் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று மத்தியானமே அப்பா கப்பலைக் கரைசேர்த்துவிட்டார்.

“ஏல, கை வந்துட்டு பாத்தியா.”

கண் கலங்கியிருந்தது. கடைக்கு இறங்கிப்போய் மூட்டை தூக்குகிறவர்களிடமெல்லாம் விரலை ஆட்டிக் காட்டினார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

மறுநாள் கைக்குப் பயிற்சி கொடுக்க வழக்கம்போல் பிசியோதெரபிஸ்ட் வந்தார். எர்ணாவூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து நுழைத்து வந்து சேருகிற மனுஷன். அவரை அப்பா வாசலிலேயே நிறுத்தி, கை சரியாகிவிட்டது, இனி வரவேண்டாம் என்றார்.

“வேணாம் நைனா. வெரலு இன்னும் மடங்காம பேஜாரு பண்ணிகினு கீது. போன்ல கப்பல் ஓட்றத வச்சி கைய எடை போடாத.”

அப்பா சிரித்தார். பிசியோதெரபிஸ்ட் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பதுபோல. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார் என்று முனகிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வெட்கங்கெட்டவன்.

கொஞ்ச நாளில் போர்க்கப்பல்காரர்கள் எல்லாரும் சரக்குக் கப்பலுக்குத் தாவிவிட்டார்கள். அதில் பீரங்கியை ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றிலும் ஆளைத் துரத்தினார்கள். ஆட்டமே நாசம். பழையபடி மாற்று என்று ஆபீசில் சொன்னார்கள். மாற்றினேன். சாயங்காலம் முழுக்க அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று. அரிசி விலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தேன்.

அடுத்த நாள் அப்பா சுவரில் முட்டினார். மறுபடியும் முட்டினார். கையை உதறிவிட்டு மூன்றாம் முறையும் முட்டினார்.

“ஏல, காத்தக் கீத்த மாத்துனியா?”

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்றால், முன்பு மாற்றியதையும் சொல்ல வேண்டும். அவர் கை வரவேயில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும்.

“இல்லப்பா.”

“அப்ப கைதான்” என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

பிசியோதெரபிஸ்ட்டை அவரே போன் போட்டு வரவழைத்தார். நான் காபியோடு வரும்போது, இடது கையால் அந்த மனுஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

“என் கைய நம்பி ஒங்கள வாசலோட அனுப்பிட்டேன் தம்பி. மனசுல வச்சுக்கிடாதீங்க.”

“அட வுடு நைனா, கையக் குடு.”

விரல்கள் முன்பைவிட இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து நீவும்போது அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு என்னைக் காட்டி, “இவன் மேலயும் வருத்தப்படாதீங்க. இவன் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்” என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. காபியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.