தாய் சொன்ன பதில்

கல்லூரியில் எல்லோருக்கும் அவள் 'சர்வர் அக்கா'. "எந்த ஓட்டல்ல?" என்று புதிதாக வரும் வாத்தியார் ஒவ்வொருவரும் ஒருமுறை கேட்பார், அவளும் ஒப்புக்குச் சிரித்து வைப்பாள். இருபது வருடமாக ஜன்னலில்லாத குளிரறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கல்லூரியின் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொண்டு, அவற்றின் இரைச்சலோடு இருந்தவள். கல்யாணம் கூடிவரவில்லை. சாமி கும்பிடுகிற பழக்கமும் கிடையாது.

இணையத்தில் நிலாவை வணங்கும் ஒரு கூட்டம் அவளுக்குக் கிடைத்தது. மின்சாரமும் உயிர்தான், கணினிக்குள்ளும் தெய்வம் குடியிருக்கிறது என்றாள் அதன் தலைவி. அவள் இருந்தது கடல் தாண்டி. அங்கே முழுநிலா உச்சிக்கு வரும்போது இங்கே காலை பத்து மணி. சர்வர் அக்கா அன்றைக்கு லீவு போட்டு, வீட்டில் வெயில் தெரியாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கணினிக்கு முன் மெழுகுவத்தி ஏற்றுவாள்.

தலைவி கேட்டாள் என்று ஒரு நிரல் எழுதிக் கொடுத்தாள். கேள்வியைத் தட்டினால் நிலாத் தெய்வமான 'தாய்' பதில் சொல்வாள். முந்நூறு பதில்களும் சர்வர் அக்கா எழுதியவை. குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துத் தருவது மட்டுமே நிரலின் வேலை.

அக்காவைப் பார்த்துக் கூட்டத்தில் சேர்ந்திருந்த தங்கைக்கு மார்பில் கட்டி வந்தது. டாக்டர் என்றாலே அவளுக்கு உதறல். தாயிடம் கேட்டாள். 'பொறு. உன் உடல் தன் வழியை அறியும்' என்று வந்தது.

"பாத்தியாக்கா, தாயே சொல்லிட்டா!"

"எதுக்கும் ஒருதடவை காட்டிடேன்" என்றாள் அக்கா. அழுத்திச் சொல்லவில்லை. முந்நூறில் அந்த ஒன்று வந்ததற்குக் காரணம் இருக்கும் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

எட்டு மாதம் பொறுத்தார்கள். பிறகு டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் தலைவியை அழைத்தாள். "அந்தப் பதிலை எடுத்துடறேன்."

"தாய் சொன்னதை அழிக்க நீ யாரு?"

"எழுதினதே நான்தாங்க."

"உன் கையால அவ எழுதினா. உனக்குத்தான் புரியல."

மாலைக்குள் அவளுடைய கடவுச்சொல் செல்லாமல் போனது. கூட்டத்தில் இருந்த நாற்பது பேருக்கும் தனித்தனியாக உண்மையை எழுதினாள். ஒருத்தி மட்டும் பதில் போட்டாள்: "துக்கத்துல பேசறீங்க. உங்களுக்காக வேண்டிக்கறோம்."

கடைசியில் தங்கையின் கணவரிடம் போய்ச் சொன்னாள். அவர் மனைவியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதினதுன்னு அவளுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருப்பா" என்றார், நிமிராமல்.