வார்னிஷ் காயாத பஸ்

எனக்கு ஐந்தாவது வரைதான் படிப்பு. கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடிய வருஷங்கள். அரியலூரில் ஒரு கொட்டகையில் பஸ் கட்டுகிறார்கள், பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுத வேண்டும் என்று எங்கள் வாத்தியார் வகுப்புப் பிள்ளைகளை நடத்தியே கூட்டிப் போனார். எனக்குக் கட்டுரையைவிடப் பாவாடைதான் கவலை. என்னுடையது கிழிசல் என்று பெரியப்பா மகளிடம் கெஞ்சி அவளுடைய தீபாவளிப் பாவாடையைக் கட்டியிருந்தேன். ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் அப்புறம் உன்னோடு பேச்சே கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவளை விட்டால் எனக்கு வேறு சிநேகிதி இல்லை.

கட்டுவது என்றால் நிஜமாகவே வீடு கட்டுவது போலத்தான் இருந்தது. சென்னையிலிருந்து இஞ்சினும் சக்கரமும் இரும்புச் சட்டமும் மட்டும் வருமாம். டிரைவர் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, தலைக்குமேல் வானத்தோடு ஓட்டி வருவாராம். அதன்மேல் ஆசாரிகள் மரத்தில் கூடு கட்டித் தகரம் அடிப்பார்கள். பின்னால் ஆள் உயரக் கரி டிரம்.

வேலை முடிந்த பஸ் ஒன்று மாலையோடு நின்றது. எங்களை ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். நெரிசலில் பாவாடையில் கரி பட்டுவிடுமே என்று ஒதுங்கி, முன் சீட்டுப் பலகையில் உட்கார்ந்தேன். எழப் பார்த்தால் முடியவில்லை, பாவாடை பலகையோடு ஒட்டிக்கொண்டது. வார்னிஷ் காயவில்லை. ஜோசியர் குறித்த நேரத்துக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் புது பஸ்ஸுக்குப் பூஜை. வார்னிஷுக்காக நல்ல நேரத்தைத் தள்ளிவைக்க யாருக்கும் தோன்றவில்லை போல.

மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். பஸ் முதலாளியும் அவர் மனைவியும் ஏறினார்கள்.

"யாரு வூட்டுப் பொண்ணு இது? ஒன்னத்தான் மொதல்ல ஒக்கார வைக்கணும்னு இருந்தேன்" என்றார் முதலாளி மனைவியிடம். கீழே வாத்தியார் இறங்கு இறங்கு என்று கையை ஆட்டினார். எழுந்தால் துணி கிழியும், சொல்லவோ வெட்கம். தலையைக் குனிந்துகொண்டேன்.

"விடுங்க, பொம்பளப்புள்ள ஒக்காந்தா நல்லதுதான். நேரமாவுது, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்று அந்த அம்மா பட்டுப்புடவையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

கோயில் வாசலில் முதலாளி இறங்கிக் காத்திருந்தார். அந்த அம்மா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏ புள்ள, நீயும் இப்படித்தான் ஒட்டிக்கிட்டு இருக்கியா?"

தலையாட்டினேன். கோபிப்பார் என்று பார்த்தால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வெளியே முதலாளி நேரம் போகுது என்று அவசரப்படுத்தினார்.

"பெருமாள இங்கயே வரச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

அர்ச்சகர்தான் கற்பூரத் தட்டோடு பஸ்ஸில் ஏறி வந்தார். கொட்டகைக்குத் திரும்பியபின் மேஸ்திரி டர்பன்டைன் தொட்டுத் தொட்டு எங்கள் இருவரையும் பிரித்தெடுத்தார். கிழியவில்லை. ஆனால் பாவாடைக்குப் பின்னால் பலகை அளவுக்கு இரண்டு பழுப்புப் பட்டை.

சாயங்காலம் பெரியப்பா மகளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அவள் கறையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நெசமாவே பஸ்ல போனியாடி?"

எங்கள் தெருவில் அதுவரை யாரும் பஸ் ஏறியதில்லை. மறுநாள் அவளே அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் போன பாவாடை என்று எல்லோருக்கும் திரும்பித் திரும்பிக் காட்டினாள். நானும் பக்கத்திலேயே நின்றேன்.

அது டர்பன்டைனா மண்ணெண்ணெயா, கோயில் வரைக்கும் அப்போது பஸ் போகிற ரோடு இருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது.