மேடையேறாத மூன்று நிமிடம்

1993 மே 11, செவ்வாய்: யாழ்ப்பாணத்தில் என் மாமனார் மாரடைப்பால் காலமானார்.
மே 19, புதன்: கொழும்பிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் செய்தி சொன்னார். அழைப்பை எடுத்தவன் நான்.
ஜூன் 9, புதன்: என் மனைவியின் கடைசிப் பரீட்சை.
ஜூன் 10, வியாழன்: மாமனாரின் முப்பத்தோராம் நாள்.
ஜூலை 2, வெள்ளி: கல்லூரியின் பட்டமளிப்பு. மனைவி போகவில்லை.
1998 நவம்பர்: மனைவி காலமானாள்.

நடந்தவை இவ்வளவுதான். இவற்றுக்கு இடையில் நான் செய்ததை எழுத ஆண்டுகள் பல எடுத்தன.

பட்டமளிப்பு என்பது சற்று மிகையான சொல். வயதுவந்தோர் தாதியர் பயிற்சிக்குத் தகுதி பெறுவதற்கான இரண்டாண்டு மாலை வகுப்பு அது. லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய ஓர் உள்ளூர்க் கல்லூரி. ஆனாலும் கறுப்பு அங்கியும் தொப்பியும் உண்டு. அவற்றுக்காகத் தலையையும் தோளையும் அளந்த அன்று, அவள் வீட்டுக்கு வந்து அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். பகலில் மருந்துப் பொதிகட்டும் தொழிற்சாலையில் நின்றபடி வேலை, மாலையில் உயிரியல். ஊரில் ரசாயனவியல் விரிவுரையாளனாக இருந்த நான் இங்கே ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்போது மேலே ஏறிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

மாணவர் சார்பில் மூன்று நிமிடம் பேச அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிய பேச்சை என்னிடம் திருத்தத் தந்தாள். அதன் கடைசி வரி, தன் தகப்பனார் இந்த மேடையின் படத்துக்காக யாழ்ப்பாணத்தில் காத்திருக்கிறார் என்பது.

அதை அவள் தந்தது மே 22ஆம் திகதி. மைத்துனரின் அழைப்பு வந்து மூன்று நாள் கழிந்திருந்தது.

"அத்தான், சோதினை முடியுமட்டும் அக்காவுக்குச் சொல்லாதேங்கோ," என்று மைத்துனர் கேட்டிருந்தார். "இரண்டு வருசம் படிச்சது வீணாப் போயிடும். அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்."

எங்கள் ஆட்களிடம் இது வழக்கம். பரீட்சை எழுதும் பிள்ளைக்குச் சாவு சொல்வதில்லை. ஊரில் என் மாணவர்கள் இருவருக்கு நானே அப்படி மறைத்திருக்கிறேன். ஓம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். பேச்சில் இரண்டு பிழைகளைத் திருத்தினேன். கடைசி வரியைத் தொடவில்லை. "நல்லாயிருக்கு" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

மணமான மகளுக்குத் தகப்பனின் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, மூன்று நாள்தான் என்று சாத்திரம் சொல்லும். ஊரில் பெரும்பாலான மகள்மார் முப்பத்தொரு நாளும் காப்பார்கள். எனக்கு இவற்றில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆயினும் அவள் அறியாமல் அவளுக்காக நான் காக்கலாம் என்று எண்ணினேன். இறைச்சியை நிறுத்தினேன், கொலஸ்ட்ரோல் என்று பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் வாடகை மண்டபத்துக் கோயிலுக்கு அவளைக் கூட்டிப் போவதையும் நிறுத்தினேன்.

"என்ன, கடவுளோடை கோவமோ?" என்று கேட்டாள். "கெமிஸ்ட்ரி மாஸ்டருக்கு அவர் இன்னும் கண்டுபிடிக்காத மூலகம்போலை."

"முழங்கால் நோகுது," என்றேன்.

"மூலகத்துக்கு முழங்காலைச் சாட்டாதேங்கோ," என்று சிரித்துவிட்டுத் தேங்காய்ப் பையுடன் தனியே பஸ் ஏறினாள். அப்படி மூன்று வெள்ளி போனாள்.

கடைசிப் பரீட்சை முடிந்த மாலை சொல்வதென்று தீர்மானித்திருந்தேன். அவள் கதவைத் திறந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே, "முடிஞ்சுது! இனிப் பேச்சு மட்டுந்தான்," என்றாள். பட்டமளிப்பு கழியட்டும் என்று நான் மனத்தை மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் முப்பத்தொன்று. அவளுக்குக் கல்லூரியில் மேடை ஒத்திகை. நான் வேலைக்கு விடுப்பு எடுத்தேன். தமிழ்க் கடையில் வாழையிலை வாங்கி, சோறும் பருப்பும் இரண்டு மரக்கறியும் சமைத்தேன். குசினி மேசையில் இலை விரித்துப் படைத்தேன். பக்கத்தில் சீனி போடாத பால் தேத்தண்ணி, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி, ஒரு சுருட்டு. விளக்கேற்றிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

கல்லூரியில் தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் நேரத்தோடு திரும்பினாள். குசினி வாசலில் நின்று முதலில் இலையைப் பார்த்தாள், பிறகு பனங்கட்டியை, பிறகு சுருட்டை. இது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

"எப்ப?"

"இண்டைக்கு முப்பத்தொண்டு."

"ஆருக்குத் தெரியும்?"

"உம்மடை தம்பிக்கும் எனக்கும்."

"அப்ப நான் ஒருத்திதான் தெரியாமல் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான். மூண்டு வெள்ளி சாமிக்கு முன்னாலை போய் நிண்டனான்."

"மணமான மகளுக்கு மூண்டு நாள்தான் துடக்கு. புத்தகத்திலை..."

"அப்பா புத்தகத்திலையா இருந்தவர்?"

மேலே போய்த் தலை முழுகிவிட்டு வந்தாள். ஈரத் தலையுடன் இலைக்கு முன்னால் இருந்தாள். விளக்கு அணையும்வரை எழும்பவில்லை.

பட்டமளிப்புக்குப் போகச் சொல்லி நான் பலமுறை கேட்டேன். ஒருமுறை மட்டும் விடை சொன்னாள். "அந்தக் கடைசி வரியை நீங்கள் வாசிச்சனீங்கள். தெரிஞ்சுகொண்டே நல்லாயிருக்கு எண்டு எழுதினனீங்கள். அதை எப்பிடி வாசிக்கிறது? எடுத்துப்போட்டு வாசிக்கவும் ஏலாது." ஜூலை 2 அன்று தொழிற்சாலைக்கு வழக்கம்போலப் போனாள். சான்றிதழ் தபாலில் வந்தது. தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அதை வேண்டாமென்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பின்னும் என்னோடு அன்பாகத்தான் இருந்தாள். ஆனால் எழுதிய எதையும் என்னிடம் காட்டியதில்லை.

1998 கோடையில் அவளுடைய நோயைப் பற்றி மருத்துவர் முதலில் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். வீடு திரும்பும் பஸ்ஸின் மேல்தட்டில் அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

"இந்த முறை உடனை சொல்லிப்போட்டியள்," என்றாள். பிறகு தன் கையை என் கைமேல் வைத்தாள்.

செய்யாமல் விட்டவை:

சான்றிதழ் வந்த உறையைப் பிரிப்பது.

குளிர்பெட்டியை மாற்றியபோது கழற்றி வைத்த அளவுத் தாளை எங்கே வைத்தேன் என்று தேடுவது.

அவள் பயிற்சியைக் கைவிட்டது என்னாலா என்று கேட்பது.

பேச்சுத் தாளில், கடைசி வரிக்குக் கீழே, என் கையெழுத்தில் உள்ள ஒரு சொல்லை வெட்டுவது.