அத்தான் வேலை தேடிய கதை

என் அக்கா ஆற்றில் படகு ஓட்டுகிறாள். தோணி என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீஸ் போகும் கூட்டம் மொத்தமும் ஏறிக்கொள்ளும் இரண்டடுக்குப் படகு. காலையில் பனிமூட்டத்துக்குள் அது கிளம்பினால் முதலில் எதிர்க்கரை காணாமல் போகும், பிறகு தண்ணீர், கடைசியில் அக்காவும். இன்ஜின் சத்தம் மட்டும் அந்த வெள்ளைக்குள் மெதுவாக நடந்துபோகும். நான்காவது மாடியில் அடுக்களை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தான் அதைக் கேட்டபடி நிற்பார். இடுப்பில் பாப்பா, தோளில் ஈரத்துண்டு.

அவர் வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியை மூடியபோது பாப்பாவுக்குப் பல்கூட முளைக்கவில்லை. அக்கா அப்போதுதான் படகில் சேர்ந்திருந்தாள். வேறு வேலை கிடைக்கும்வரை வீட்டை நான் பார்க்கிறேன் என்று ஆரம்பித்த மனுஷனுக்கு வீடு பிடித்துப்போய்விட்டது. உண்மை அவ்வளவுதான்.

மத்தியானத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கே கண்ணைச் சொக்கும். சோப்பு வாசனை, அடுப்பில் சூப் கொதிக்கும் மெல்லிய சத்தம். ஆற்றில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக ஏறி வந்து கூரையில் நெளிந்துகொண்டிருக்கும். அத்தான் தரையில் மல்லாந்து கிடப்பார், அவர் வயிற்றின்மேல் பாப்பா குப்புறப் படுத்துத் தூங்குவாள். மூச்சு ஏறும்போது அவளும் ஏறுவாள், இறங்கும்போது இறங்குவாள். அக்கா ஓட்டுவது ஒரு படகென்றால் இவர் இன்னொரு படகு என்று நினைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் அவரைப் போல் நிம்மதியான ஆளை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஊருக்கு மட்டும் அவர் 'வேலை தேடிக்கொண்டிருக்கிறார்'. மாடிப்படியில் யார் கேட்டாலும் அதே பதில்தான். துவைத்த துணியை விடியும் முன்பே, பனிமூட்டம் இருக்கும்போதே, மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். ஆம்பளை துணி காயப்போடுவதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருட்டுத் துணியா காயப்போடுகிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது அவருக்கு.

அவருடைய அப்பா வரும்போதுதான் உச்சகட்டக் கூத்து. பெரியவர் ரிட்டையரான ஃபோர்மேன். மனைவி போன வருடம் இறந்தபிறகு வேறு ஊரில் தனியாக இருக்கிறார். வாசலில் அவர் குரல் கேட்டதுமே அத்தான் கரண்டியை அக்கா கையில் திணித்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். யூனிஃபார்மைக்கூட மாற்றாத அக்கா, தன் அடுக்களையிலேயே எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் பேந்தப் பேந்த விழிப்பாள். ஒருமுறை சர்க்கரை என்று நினைத்து டீயில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். பெரியவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, நல்லா இருக்கும்மா என்றார். நான் பாத்ரூமுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இந்த நாடகத்தை அவர் அப்படியே நம்பிவிட்டார். வினையே அதில்தான் வந்தது. பிள்ளை வேலைக்காக அலைகிறானே என்று மனசு கேட்காமல், பழைய சிநேகிதர்களிடம் எல்லாம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வேலையைப் பிடித்துவிட்டார். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய ஊரில் கிடங்கு சூப்பர்வைசர். மறுநாளே சேரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்து நின்று அதைச் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் பல்.

ஞாயிறானாலும் அக்கா படகில்தான் இருந்தாள். வீட்டில் நான்தான் இருந்தேன். அத்தான் போய்விட்டால் பாப்பாவை யார் பார்ப்பது? அக்காவாகப் படகை விடமாட்டாள், ஆனால் தாய் என்று ஒருத்தி எதற்கு என்று ஆளுக்கு ஆள் கேட்டே விடவைத்துவிடுவார்கள். அத்தானோ அப்பாவிடம் மாட்டேன் என்ற சொல்லையே சொல்லிப் பழகாதவர்.

பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னார் பெரியவர். அத்தான் எழுந்தார். பெட்டி இருந்த அறைக்குப் போகவில்லை, அடுக்களைக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே ஆறும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் வெள்ளை. தூக்கக் கலக்கத்தோடு வந்த பாப்பாவை மேடைமேல் உட்காரவைத்து, சூப்பை ஆற்றி ஊட்ட ஆரம்பித்தார். பெரியவர் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார். இதையெல்லாம் உன் பெண்டாட்டி வந்து பார்த்துக்கொள்ள மாட்டாளா என்று கேட்டார்.

அத்தான் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை.

"இதுதாம்ப்பா என் வேலை. வேலை தேடுறேன்னு சொன்னதெல்லாம் பொய். பாப்பா பிறந்த வருஷத்துல இருந்தே நான் வேலையிலதான் இருக்கேன். இதை விட்டுட்டு வரமாட்டேன்."

சூப் கொஞ்சம் பாப்பாவின் கவுனில் சிந்தியது. பெரியவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசட்டும், அப்புறம் இருக்கிறது அவருக்கு என்று நான் தயாராக நின்றேன். அவரோ சுவரோரம் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மகன் ஊட்டுவதையும், வாயைத் துடைப்பதையும், அடுப்பைக் குறைப்பதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பாப்பா பாதித் தூக்கத்தில் விழுங்கினாள்.

"உங்கம்மா என்ன பண்றாங்கன்னு யாராவது கேட்டா, வீட்ல சும்மாதான் இருக்கான்னு சொல்லுவேன்," என்றார். "அவ காதுபடவே சொல்லியிருக்கேன். காலம் பூரா சொல்லியிருக்கேன்."

அத்தான் திரும்பிப் பார்த்தார்.

"அவ ஒருநாள்கூட மறுத்துப் பேசினதில்லடா. இப்ப நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

ஊரிலேயே பெரிய வாயாடி என்று பெயரெடுத்த நான் பாப்பாவின் கவுனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா இன்னும் ஒரு வாய் கேட்டாள்.