‘கே’யை உச்சரித்தவள்

விராலிமலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய்க் கல்லூரியில் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஆங்கில இலக்கியம் எடுத்தது என் சொந்தப் பிடிவாதம். சேர்ந்த முதல் மாதமே பேராசிரியர் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். முழங்காலுக்கான ஆங்கிலச் சொல் வந்தது. ‘நீ’ என்று வாசிக்க வேண்டியதை, முன்னால் நிற்கும் ‘கே’ எழுத்தையும் சேர்த்து ‘க்னீ’ என்றேன்.

“நிறுத்து. இன்னொரு தடவ சொல்லு.”

“க்னீ, சார்.”

“கினியா? இது எந்த ஊரு இங்கிலீஷு? வெராலிமலை இங்கிலீஷா?”

வகுப்பே சிரித்தது. அவர் அதோடு விடவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, குனிந்து முழங்காலைத் தொட்டுத் தொட்டு ‘நீ, நீ’ என்று பத்து முறை சொல்லவைத்தார். அன்றிலிருந்து மூன்று வருடம் என் பெயர் கினி. பஸ்ஸில் கூட, “இந்தா, கினி ஏறிருச்சு” என்பார்கள். கடைசி நாள் குரூப் போட்டோவிலும், “கினி, அங்கிட்டுத் தள்ளி நில்லு” என்றார் அவர். அந்த வகுப்பில் நான் மறுபடி வாய் திறக்கவே இல்லை.

எம்.ஏ. படிக்கத் திருச்சிக்குப் போனேன். ஆங்கில மொழி வரலாறு ஒரு பாடம். அதற்காக நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் அந்தப் பக்கம் இருந்தது. பழைய ஆங்கிலேயர்கள் முழங்காலையும் கத்தியையும் ‘கே’யோடுதான் உச்சரித்தார்களாம். முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன்புதான் நாக்கு அந்த ஒலியை விட்டது. அச்சில் ஏறிவிட்ட எழுத்து மட்டும் அப்படியே தங்கிவிட்டது. நாலு முறை வாசித்தேன். படிப்பின் சந்தோஷம் எதுவும் வரவில்லை. அவர் முகம்தான் வந்தது. உங்களைச் சும்மா விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு நானே ஒரு கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்த ஆரம்பித்தேன். போன வருடம் எங்கள் துறையில் கருத்தரங்கு வைத்தபோது, சிறப்பு விருந்தினராக அவரை அழைக்கலாம் என்று சொன்னது நான்தான். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். பழைய மாணவியின் நன்றி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்தோம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

என் பேச்சுக்கு ஒரு மாதம் தயாரித்திருந்தேன். பழைய ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபுகளைப் போலப் பெயர்ச்சொற்களுக்கு விகுதிகள் இருந்ததைச் சொன்னேன். பிரெஞ்சு பேசிய பிரபுக்கள் நாட்டைப் பிடித்த பிறகு, மேய்த்தவன் வாயில் ‘கவ்’ ஆக இருந்த மாடு தின்றவன் தட்டில் ‘பீஃப்’ ஆன கதையைச் சொன்னேன். கடைசியாக, “க்னீ” என்று உரக்கச் சொன்னேன். அரங்கம் சிரித்தது.

“சிரிக்காதீங்க. இதுதான் பழைய, சரியான உச்சரிப்பு. இதைச் சொன்னதுக்காக ஒரு பொண்ணை மூணு வருசம் ‘கினி’ன்னு கூப்பிட்டாரு ஒரு இங்கிலீஷ் வாத்தியாரு. சொந்தப் பாடத்தோட வரலாறு அவருக்கே தெரியல.”

இப்போது அந்த வாத்தியாரை நினைத்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அந்தப் பொண்ணு நான்தான் சார். அந்த வாத்தியார் நீங்க.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது. “நானா? எனக்கு ஞாபகமே இல்லையேம்மா.”

“எனக்கு இருக்கு சார்.”

மோர் வரும்வரை கூட அவர் இருக்கவில்லை. கை கழுவிவிட்டு வண்டியைக் கூப்பிடச் சொன்னார். நான் ரசத்தை ஊற்றி நிதானமாகச் சாப்பிட்டேன். அப்படி ருசித்துச் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது.

“நீங்க சொன்னத வீட்ல புத்தகத்துல தேடிப் பாத்தேன்மா. நீங்க சொன்னது சரிதான். மன்னிச்சுருங்க.”

பரவாயில்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் அவர் காத்திருந்தார். மூச்சு கேட்டது.

“சரிங்க சார், கிளாஸுக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டேன்.