பன்னிரண்டு மேராக்காய்க் கொடிகள்

லிங்கசாமிக்கு நான் மூவாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். சமவெளியில் சௌசௌ என்பார்களே, அந்த மேராக்காய்ப் பந்தலுக்குக் கம்பி வாங்கக் கொடுத்த பணம்.

பத்து வயதில் சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் நாங்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று பந்தலூரில் முக்கால் ஏக்கர் தேயிலை, மாடி வைத்த வீடு எல்லாம் என் சம்பாத்தியம். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, அந்த மூவாயிரத்தைத் தவிர. லிங்கசாமி முப்பது வருடம் ஃபேக்டரியில் இலை வாட்டியவன். என் பக்கத்து வீடு.

“ஊட்டுக்கு ஒரு கொடி போதும் மச்சான்” என்றான். நானா கேட்பேன்? முளைவிட்ட காய்கள் பன்னிரண்டை மண்ணில் வைத்து, தேயிலைக்கு வாங்கிய யூரியாவையும் அள்ளிப் போட்டேன். ஆறு மாதம் வெறும் இலை.

“ஒரு மாடு வாங்கு. அதாவது திங்கட்டும்” என்றான்.

ஏழாம் மாதம் காய்க்கத் தொடங்கியது. பிறகு நிற்கவே இல்லை. கொடி பந்தலைத் தாண்டி, கொய்யா மரத்தை மூடி, லிங்கசாமியின் கூரையில் ஏறியது. மண்டியில் மூட்டைக்குக் கிடைத்த காசு வண்டி வாடகைக்குச் சரியாகப் போனது. நான் பையோடு வந்தால் தெருவில் கதவு சாத்தினார்கள்.

“நாளைக்கும் இதே கூட்டுன்னா லிங்கசாமி அண்ணன் ஊட்டுக்குச் சாப்பிடப் போயிருவேன்” என்றாள் என் மனைவி சின்னம்மை.

“இங்கயும் அதுதான் கொதிக்குது தங்கச்சி” என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

முழங்கால் வலி என்று லிங்கசாமியை அவன் மகன் ரவிச்சந்திரன் திருப்பூருக்குக் கூட்டிப் போனான். “கடன் இருக்குல்ல, வாங்க வருவேன்” என்று சொல்லிவிட்டு லிங்கசாமி பஸ் ஏறினான்.

மூன்றே மாதத்தில் கொழுந்து விற்ற பணம் கையில் இருந்தது. நான் அனுப்பவில்லை. “ஃபோன்லயே போட்டுருங்க மாமா” என்றான் ரவிச்சந்திரன். எனக்குத் தெரியாது என்றேன். நன்றாகத் தெரியும்.

நான்கு வருடத்தில் லிங்கசாமி மூன்று முறை வந்தான். “பணம் எங்கடா?” என்பான். “காய்தான் இருக்கு” என்பேன். பந்தலுக்கடியில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவான்.

இந்தப் பங்குனியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“ஊட்டை வித்துட்டேன் மச்சான். வாங்குனவரு கூரையில இருக்குற கொடியை வெட்டச் சொல்லுறாரு. எனக்கும் இனி மலை ஏற முடியாது. குடுத்துரு.”

நான் கூரைமேல் கிடந்த கொடியைப் பார்த்தேன். அவனே தொடர்ந்தான். “அங்க மொட்டைமாடியில ஒரு காய் வெச்சேன், பெயிண்ட் வாளியில. நாலு இலை விட்டுச்சு. வெயில்ல கருகிப்போச்சு.”

உள்ளே போய் அரிசி டின்னிலிருந்து பணத்தை எடுத்து வந்தேன். எல்லாம் நூறு ரூபாய்.

“ஐந்நூறா இல்லையா?”

“இல்ல.”

இருந்தது. ஒன்று, இரண்டு என்று அவன் உள்ளங்கையில் வைத்தேன். இருபதில் கணக்கு விட்டுப்போனது என்று சொல்லி, எல்லாவற்றையும் எடுத்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். அவன் முப்பதாவது நோட்டு விழும்வரை கையை விரித்தபடியே வைத்திருந்தான்.