தண்டல் காட்டிய இடம்

கப்பலின் அடித்தளத்திலிருந்து கடைசி மூட்டை மேலேறியதும் தண்டல் கீழே இறங்கிப் பார்ப்பார். ஒரு சாக்குத் துணுக்கு கிடந்தாலும் ஆட்களை விடமாட்டார். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் எங்கள் கூட்டத்துக்குத் தலைமையாள் அவர். நான் அதே கூட்டத்தில் மூட்டை தூக்கியவன். அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. "தரை தெரியணும்" என்பார். வேலை முடிந்ததற்கு அவரிடம் வேறு அடையாளம் கிடையாது. அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் இடுகாட்டுக்கும் கொண்டுபோனோம்.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலைக்கு அப்பால் நம் ஆட்களைப் புதைத்துவந்த பழைய இடுகாடு ஒன்று இருந்தது. வீடு கட்ட அதை எடுத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு எழுந்தது. கவனிப்பாரில்லாத புதர்க்காடு என்று யாரோ சொன்னது தண்டலுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதிகாரி பார்க்க வரும்போது இடம் பளிச்சென்று இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று அவர் நம்பினார், அவரை நம்பி நாங்களும் நம்பினோம். நாலு ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்து ஆட்கள் முப்பது பேர், யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு போய் நின்றோம்.

வசதியுள்ளவர்களின் குழிகளுக்குக் கல் இருந்தது. ஏழைகளுக்குக் கல் ஏது? தலைமாட்டில் ஒரு புட்டியைக் கவிழ்த்துப் புதைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு செம்பருத்திச் செடி, எனாமல் போன ஒரு மங்குக் கிண்ணம். இது எங்களுக்குத் தெரியாததல்ல. நாங்களும் ஏழைகள்தான். ஆனாலும் தண்டல் விசிலடித்ததும் எங்களுக்கு அது கப்பலின் அடித்தளமாகிவிட்டது. கண்ணில் பட்டதெல்லாம் குப்பையாகிவிட்டது. நீல விளிம்பு வைத்த மங்கு ஒன்றை நானே பிடுங்கி லாரியில் எறிந்தேன். அந்த 'டங்' என்ற சத்தம் எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. நாலாம் ஞாயிறு மாலையில் தண்டல் இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தார். "இப்ப தரை தெரியுது லா" என்றார்.

அடுத்த வாரம் தண்டலும் நானும் அங்கே நின்றபோது பால்கார அக்கா வந்தார். சிராங்கூன் சாலை வீடுகளுக்குப் பால் ஊற்றுபவர். ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போன இரண்டு வயது மகனை அங்கே புதைத்திருந்தார். ஆண்டுக்கொருமுறை வந்து அவன் தலைமாட்டில் பால் ஊற்றிவிட்டுப் போவார். சிவந்த வெறுந்தரையில் செம்போடு நின்று இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, இங்க நீல விளிம்பு மங்கு ஒண்ணு இருந்துச்சே?"

தண்டல் என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பிறகு தெரிந்தவர்போல விறுவிறுவென்று நடந்துபோய் ஓரிடத்தில் நின்றார். "இங்கதான் தங்கச்சி. நான்தான் எடுத்தேன், எடம் ஞாபகம் இருக்கு."

அக்கா உட்கார்ந்து பாலை ஊற்றினார். அந்தப் பொய் அப்போது எனக்குப் பெரிய புண்ணியமாகத் தெரிந்தது.

அதிகாரி வந்தார். இவ்வளவு சுத்தமாக ஓர் இடுகாட்டைப் பார்த்ததில்லை என்று எங்களைப் பாராட்டினார். பிறகு கல் இருந்த குழிகளை மட்டும் எழுதிக்கொண்டு, மிச்சத்தைக் காலி நிலம் என்று குறித்துக்கொண்டு போனார். இரண்டு ஆண்டு கழித்து நிலம் போயிற்று. உறவினர் வந்து காட்டும் குழியை மட்டும் தோண்டித் தருவோம், ஆளுக்கு ஒரு குழி என்றார்கள். அன்றாவது நாங்கள் வாயைத் திறந்திருக்கலாம். அந்த வரிசை முழுவதையும் தோண்டச் சொல்லிக் காலில் விழுந்திருக்கலாம். இரண்டு ஆண்டுகளாக அக்கா பால் ஊற்றிய இடம் அது, எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று இருந்துவிட்டோம். கோழைத்தனம்தான், வேறென்ன.

தோண்டும் நாளில் அக்கா புதுத் துண்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார். "எலும்பு கரைஞ்சிருக்கும், பரவால்ல. கையில செம்புக் காப்பு போட்டுத்தான் அனுப்புனேன். அது கரையாது" என்று வெட்டுகிறவரிடம் சொன்னார். முழங்கால் ஆழம் போயிற்று, இடுப்பாழம் போயிற்று. தண்டல் மண்ணை அள்ளி அள்ளி விரலால் சலித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெட்டுகிறவர் மேலே ஏறி, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "இது கை படாத மண்ணும்மா. இங்க யாரையும் பொதைச்சதே இல்ல."

தண்டலின் விரல்கள் மண்ணுக்குள் அப்படியே நின்றன. அக்கா துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அழவில்லை, திட்டவில்லை. தண்டலின் முன்னால் வந்து குனிந்து, வழி கேட்பவர்போல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப புள்ள எங்கண்ணே?"

அங்கே இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. தண்டலும் இல்லை, அக்காவும் இல்லை. அந்த மங்குக் கிண்ணத்தை எந்த இடத்தில் பிடுங்கினேன் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நினைவுக்கு வரவே இல்லை.